வெளிநாடு போகிறவர்கள் வீட்டில் பழைய சாமான் வாங்கிய அனுபவம் – உங்களுடையதையும் சொல்லுங்கள்

கோண்டாவிலிலிருந்து:

கனடாவில் இருப்பவர்கள் கராஜ் சேல் என்று சொல்லுவது போல, வாசலில் மேசை போட்டுச் சாமானைப் பரப்பி விற்கிற வழக்கம் யாழ்ப்பாணத்தில் இல்லை. ஆனால் அதே அலுவல் இங்கே வேறு விதமாக நடக்கிறது. பிள்ளைகள் எல்லாரும் வெளியில். தாய் தகப்பனையும் கூப்பிட்டுவிட்டார்கள், அல்லது அவர்கள் கண்ணை மூடிவிட்டார்கள். யாராவது ஒரு பிள்ளை சில கிழமை லீவில் வந்து, வீட்டைப் பூட்டுவதற்கு முதல் உள்ளே கிடக்கிற அவ்வளவையும் ஒழுங்குபடுத்த வேண்டும். அயலுக்குள் சொல்லுவார்கள், முகநூலில் நாலு படம் போடுவார்கள். பழைய இரும்பு வாங்குகிறவர் எப்படியோ எல்லாருக்கும் முதல் படலையடியில் வந்து நிற்பார்.

நான் கலியாணம் செய்து தனியாக வந்த காலத்திலிருந்து வீட்டுத் தளபாடம் பெரும்பாலும் இப்படித்தான் வாங்கி வருகிறேன். இதில் நான் கண்டது ஒன்று: சந்தையில் பேரம் பேசுகிற மாதிரி இந்த வீடுகளில் பேசக்கூடாது. திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காயைத் தூக்கிப் பார்த்து "வாடிப்போச்சே அம்மா" என்று சொல்லலாம், நாலு அடி எடுத்து வைக்கலாம், அவரே கூப்பிட்டுக் குறைப்பார். அங்கே இரண்டு பேருக்கும் தெரிந்த முறை அது. வீட்டில் நிற்கிற அலுமாரி அப்படியில்லை. அது அந்த அம்மாவுக்குச் சீதனமாக வந்திருக்கும். அதில் குற்றம் சொன்னால் விலை குறையாது, கதவுதான் பூட்டுப்படும்.

நல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டில் இதை நேரே பார்த்தேன். முதிரை மரத்தில் செய்த அலுமாரி ஒன்று. எனக்கு முதல் வந்த தளபாட வியாபாரி அதை முழங்கையால் இடித்து, பிணைச்சல் துருப்பிடித்துவிட்டது, கண்ணாடி மங்கிவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, பதினையாயிரம் என்றார். அந்த அம்மா ஒரே சொல்லில் முடித்தார்: "நான் விக்கேல்லை, நீங்கள் போங்கோ."

நான் விலை கேட்கவில்லை. மரம் எங்கே எடுத்தது என்று கேட்டேன். தன்னுடைய தகப்பன் வன்னியிலிருந்து மரம் இறக்கி, வீட்டு முற்றத்திலேயே தச்சரை வைத்துச் செய்வித்தது என்று சொல்லத் தொடங்கினார். தச்சர் எத்தனை கிழமை நின்றார், அவருக்கு மத்தியானம் என்ன சமைத்தது என்பது வரைக்கும் வந்தது. நான் அந்த நேரம் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருந்தேன்: லாச்சியை முழுதாக இழுத்து வெளியே எடுத்தேன். முன்பக்கம் எந்த மரத்துக்கும் சாயம் பூசலாம். லாச்சியின் அடியிலும் அலுமாரியின் முதுகுப்பக்கத்திலும் யாரும் பூசுவதில்லை. முதிரை என்றால் அங்கே மஞ்சளோடியிருக்கும், வெளிச்சத்தில் திருப்பினால் பட்டு மாதிரி மினுங்கும். அப்புறம் கால்களைச் சுற்றி நிலத்தைப் பார்க்க வேண்டும். உளுத்த மரம் என்றால் மா தூவினது போலத் தூள் கொட்டியிருக்கும். அங்கே ஒன்றும் இல்லை.

அந்த அம்மா அறுபதாயிரம் சொன்னார். "அம்மா, பெறுமதியான சாமான்தான். எனக்கு நாற்பதுதான் கட்டும். ஆனா பின்விறாந்தையில கிடக்கிற மெத்தை, உடைஞ்ச கதிரை, அந்தப் போத்தில் எல்லாத்தையும் நானே பட்டா லொறி பிடிச்சு ஏத்திக்கொண்டு போறன்" என்றேன். மகனுக்கு வியாழக்கிழமை பிளேன். உள்ளேயிருந்து அவர்தான் சொன்னார்: "அம்மா, குடுங்கோ. அந்த மெத்தையை நான் எங்கை கொண்டுபோய்ப் போடுறது?" நாற்பத்திரண்டில் முடிந்தது. காசைக் கொடுத்த பிறகு அந்த அம்மா, தட்டில் விரித்திருந்த பழைய ஈழநாடு பேப்பரை மட்டும் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நானே மடித்துக் கொடுத்தேன்.

வீடு காலி செய்பவருக்குக் காசை விடத் தலையிடி அந்த விற்காத சாமான்கள்தான். அதைப் பொறுப்பெடுங்கள், நல்ல சாமான் உங்களுக்குக் குறைந்த விலையில் வரும். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

சங்கானையிலிருந்து:

நான் சைக்கிள் பற்றி எழுதுகிறேன். 2022 இல் பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசை நின்றது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கடையில் புதுச் சைக்கிளின் விலை கைக்கெட்டாமல் போனது. அந்த நேரம் ஒரு ஐயா வீட்டு மாட்டுக்கொட்டிலில் றலி (Raleigh) என்ற இங்கிலாந்துச் சைக்கிள் ஒன்று சாக்குப் போட்டு மூடிக் கிடப்பதாகத் தகவல் வந்தது. அவர் அவுஸ்திரேலியாவுக்கு மகளிடம் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்.

றலி என்று சொல்லி எதையும் விற்பார்கள், ஆகவே பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். முன் கழுத்தில் இருக்கும் இலச்சினையில் நாரையின் தலை இருக்க வேண்டும். ஆனால் இலச்சினையைக் கழற்றி வேறு சைக்கிளில் அடிக்கலாம். ஆகவே நட்டுகளைத் துடைத்துப் பாருங்கள், இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் செய்த பழைய றலியில் அவற்றிலும் பெயர் பொறித்திருக்கும். பின்சில்லில் ஸ்ரர்மி ஆர்ச்சர் கொம்பனியின் மூன்று கியர் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது, அதன் உடம்பிலேயே செய்த ஆண்டு இரண்டு இலக்கத்தில் அடித்திருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்தேன். 58 என்று தெளிந்து வந்தது. ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். இவ்வளவு காலம் ஓடியும் அது அங்கே இருப்பது தனக்குத் தெரியாது என்றார்.

முப்பத்தைந்தாயிரம் கேட்டார். அந்த நாள் விலைக்கு அது நியாயமான கேள்விதான். நான் குற்றம் பிடிக்கவில்லை, செலவுக் கணக்கைச் சொன்னேன்: பெடல் அச்சுக் கப் தேய்ந்திருக்கிறது, பழைய றலியின் மரை வேறு கணக்கு, கடையில் கிடைக்கிற கப் அதில் ஏறாது, இன்னொரு பழைய சைக்கிளை உடைத்துத்தான் எடுக்க வேண்டும், இரண்டு ரயரும் வெடித்துவிட்டன. இருபத்தைந்து என்றேன். "தம்பி, நீர் ஓடப்போறீரா, விக்கப்போறீரா?" என்று கேட்டார். ஓடத்தான் என்றேன். இருபத்தெட்டு.

ஒன்றை மறக்கவேண்டாம். கடிதம் எழுதி வாங்குங்கள். பிறேம் இலக்கம், திகதி, இரண்டு பேருடைய கையெழுத்து. பழைய சைக்கிளை வாங்கிப் பிறகு களவுச் சைக்கிள் என்று பொலிசுக்கு அலைந்தவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். நல்ல மனிதர் என்றால் கடிதம் கேட்டதற்குக் கோபிக்க மாட்டார்.

மானிப்பாயிலிருந்து ஒரு சகோதரி:

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். அம்மா போன பிறகு அந்த வீட்டுச் சாமானை விற்றது நான்தான்.

முதல் வந்தவர் பித்தளை வாங்கும் வியாபாரி ஒருவர். கிடாரம், தாம்பாளம், குத்துவிளக்கு, தண்ணீர் குடிக்கிற மூக்குப்பேணிகள் எல்லாவற்றையும் ஒரு சாக்குக்குள் போட்டு, "அக்கா, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு விலை தாறன்" என்றார். இந்தச் 'சேர்த்து ஒரு விலை'க்கு யாரும் சம்மதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கிடாரம் கிலோக் கணக்கில் போகலாம். மூக்குப்பேணியைக் கிலோக் கணக்கில் கொடுப்பது அநியாயம். நான் பக்கத்துக் கடைத் தராசைக் கொண்டுவந்து நிறுத்தேன். அவருடைய வில்லுத் தராசுக்கும் அதற்கும் இருந்த வித்தியாசத்தைக் கண்ட பிறகு அவரை அனுப்பிவிட்டேன்.

அந்தப் பேணிகளுக்கு ஒரு கதை இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டைக்குப் பயந்து வலிகாமத்துச் சனம் முழுக்க ஊரை விட்டு வெளிக்கிட்டபோது, தூக்கிக்கொண்டு போக முடியாததையெல்லாம் அம்மா கடகத்தில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார். மழை, இருட்டு, றோட்டில் சனம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டில் கதவு நிலைகூட இல்லை. கிணற்றுக்குள் பேணிகள் அப்படியே கிடந்தன, கறுத்துப் போயிருந்தன. பழப்புளி போட்டுத் துலக்கித் துலக்கி அம்மா அவற்றைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்தார். வலிகாமத்து வீடுகளில் பழைய பொருள் முழுதாக அகப்படுவது ஏன் இவ்வளவு அரிது என்று வாங்க வருபவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இருப்பதெல்லாம் யாரோ பாடுபட்டுக் காப்பாற்றியது.

மூன்று பேணியை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டை கொக்குவிலில் இருந்து வந்த ஒரு தம்பதிக்குக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை பேணிக்குள் தண்ணீர் விட்டு, மூக்கு ஒட்டின இடத்தில் கசிகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார். பிறகு அண்ணாந்து, வாயில் முட்டாமல் குடித்தார். அலங்காரத்துக்கு வாங்குகிறவர் அப்படிப் பார்க்க மாட்டார். சொன்ன விலையில் ஆயிரம் குறைத்தது நானாகத்தான், அவர்கள் கேட்கவே இல்லை.

சிங்கர் தையல் மெசினும் அப்படித்தான். கொழும்பிலிருந்து ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு நல்ல விலை சொன்னார், அவருக்கு அதன் இரும்புக் கால் மட்டும் வேண்டுமாம், மேலே கண்ணாடி போட்டு மேசையாக்க. அதே நாள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கும் ஒரு பிள்ளை வந்தாள், தையல் படித்து முடித்தவள். மெசினில் அடித்திருந்த இலக்கத்தைப் போனில் தேடிப் பார்த்து, ஸ்கொட்லாந்தில் கிளைட்பாங்க் தொழிற்சாலையில் செய்தது என்று எனக்கே சொன்னாள். கையோடு கொண்டுவந்த துணித்துண்டை வைத்து மிதித்தாள். தையல் ஒரு சீராக விழுந்தது. கொழும்புக்காரர் சொன்னதில் பாதிக்கு அவளுக்குக் கொடுத்தேன், அதையும் இரண்டு தவணையில். மனதுக்கு நிறைவாக இருந்தது.

ஸ்காபரோவிலிருந்து:

இங்கே கோடை வந்தால் சனிக்கிழமை காலைகளில் இதே வேலைதான். விளக்குக் கம்பத்தில் அறிவித்தல் ஒட்டியிருக்கும், கராஜுக்கு முன்னால் எல்லாம் பரப்பியிருக்கும். ஐந்து டொலர் என்றால் மூன்று என்பீர்கள், நாலில் முடியும், யாரும் மனதில் வைப்பதில்லை. வேளைக்குப் போனால் நல்ல சாமான் இருக்கும், பின்னேரம் போனால் விலை இறங்கியிருக்கும். மிச்சத்தை இலவசம் என்று எழுதி றோட்டோரத்தில் வைத்துவிடுவார்கள். எங்கள் ஆட்கள் கோவில் திருவிழாவுக்குத் தேவையான பெரிய சட்டி பானைகள் கூட இப்படி வாங்கியிருக்கிறார்கள்.

ஊருக்கு வந்த நேரம் இணுவிலில் ஒரு வீட்டில் நான் அதே பழக்கத்தில் பாதி விலை கேட்க, கூட வந்த சித்தி கையைப் பிடித்து இழுத்துவிட்டா. "மோனை, அவை எங்கடை ஆக்கள். முதல்ல இருந்து தேத்தண்ணியைக் குடி." தேத்தண்ணி முடிய விலை தானாக இறங்கியது. மேலே கோண்டாவில்காரர் எழுதியது உண்மை.

கரவெட்டியிலிருந்து:

பழைய பிறிஜ் இப்படி வாங்கலாமா? ஒரு வீட்டில் சொல்லியிருக்கிறார்கள், பன்னிரண்டாயிரம். ஒரு படத்தை அனுப்பிவிட்டு, வேறு ஆட்களும் கேட்கிறார்கள், முற்பணம் போடுங்கள் என்கிறார்கள்.

கோண்டாவிலிலிருந்து:

பார்க்காமல் ஒரு சதமும் போடாதீர்கள். சாமானை விற்கிறவருக்கு நீங்கள் வந்து பார்ப்பதில் என்ன நட்டம்?

பிறிஜ் என்றால், நீங்கள் போகச் சில மணித்தியாலம் முதலே நிற்பாட்டிக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள், நீங்கள் போனபின் போடுங்கள். ஏற்கெனவே குளிர்ந்து நிற்கிற பிறிஜைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. கொம்பிரசர் தொடங்கும்போது தடக்குகிறதா என்று கேளுங்கள். பின்பக்கமோ இரண்டு பக்கமோ மெல்லச் சூடேற வேண்டும், அரை மணித்தியாலத்தில் மேல்தட்டில் கை வைத்தால் குளிர் தெரிய வேண்டும். கதவு றப்பருக்குள் ஒரு நூறு ரூபாய்த் தாளை வைத்துப் பூட்டி இழுத்துப் பாருங்கள். சும்மா வழுகி வந்தால் றப்பர் போய்விட்டது, மின்சாரக் கட்டணம் ஏறும். அதைச் சொல்லி விலை குறைக்கலாம். ஏற்றும்போது படுக்கப் போடாதீர்கள். நிமிர்த்தியே கொண்டுவந்து, சில மணித்தியாலம் விட்டுப் போடுங்கள்.

இன்னொரு விஷயம். வருகிற கிழமை இணுவில் பக்கம் ஒரு வீடு காலி செய்கிறார்கள். அம்மி, ஆட்டுக்கல், திருகை மூன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன. விலை பேச வேண்டியதில்லை, சும்மா கொடுக்கிறார்கள். தூக்குவதற்கு நாலு பேரும் ஒரு பட்டாவும் வேண்டும். தேவைப்படுபவர்கள் கீழே எழுதுங்கள்.