பாவநிவிர்த்தி நாளில் வெள்ளாடு, இயேசு மட்டும் ஏன் ஆட்டுக்குட்டி?

வேதவாசகன்:
லேவியராகமம் 16 வாசித்ததிலிருந்து ஒரு சந்தேகம். இஸ்ரவேலர் வருடத்துக்கொருமுறை ஆசரித்த பாவநிவிர்த்தி நாளில் ஜனங்களின் பாவநிவாரணபலிக்கு இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள் வருகின்றன. ஒன்று பலியாகிறது, மற்றதன் தலையில் ஆரோன் கைகளை வைத்து எல்லா அக்கிரமங்களையும் அறிக்கையிட்டு உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுகிறான். பாவத்தைச் சுமப்பது அந்தக் கடாதான். பஸ்கா ஆடோ எகிப்திலிருந்து விடுதலையான இரவுக்குரியது, யாத்திராகமம் 12இல் பாவம் என்ற பேச்சே இல்லை. அப்படியிருக்க யோவான்ஸ்நானகன் "உலகத்தின் பாவத்தைச் சுமந்துதீர்க்கிற தேவ ஆட்டுக்குட்டி" என்று சொன்னது எந்த ஆட்டை நினைத்து?

ஈசோப்பு:
முதலில் ஒன்று, பஸ்காவுக்கு வெள்ளாட்டுக்குட்டியும் ஆகும் (யாத் 12:5), அதனால் எந்த இனம் என்பதில் ரொம்ப நிற்க வேண்டாம். யோவான் சுவிசேஷத்தை முழுதாகப் பாருங்கள், பிலாத்து தீர்ப்புச் சொல்வது பஸ்காவுக்கு ஆயத்தநாளில், சிலுவையில் காடியைக் கொடுப்பது ஈசோப்புத்தண்டில் (பஸ்கா இரத்தத்தைப் பூசிய அதே செடி), அப்புறம் எலும்பு எதுவும் முறிக்கப்படவில்லை என்று 19:36இல் பஸ்கா சட்டத்தையே நினைவுபடுத்துகிறார். ஆக பஸ்கா நிச்சயம். பாவம் சுமப்பது ஏசாயா 53இலிருந்து வருகிறது: அங்கே தாசன் அடிக்கப்படும் ஆட்டுக்குட்டியைப் போல வாய் திறக்காமல் போகிறான், அநேகருடைய பாவத்தைச் சுமக்கிறான். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டன என்பதுதான் யோவான் சொல்ல வருவது.

கிழக்குவாசல்:
பஸ்காவின் விடுதலையை நம் பிரசங்கங்களில் யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். கோபமாக இருக்கிற பிதாவைச் சாந்தப்படுத்தக் குமாரன் அடி வாங்கினார் என்று மட்டும் சொன்னால் விடுதலை எங்கே போயிற்று? பஸ்கா இரவில் வாசல் நிலைக்கால்களில் பூசிய இரத்தம் அடிமைகளைக் காப்பாற்றிய அடையாளம். லேவி 16:16இலும் இரத்தம் பரிசுத்த ஸ்தலத்தைச் சுத்திகரிக்கிறது, அந்தக் கடாவுக்கு யாரும் தண்டனை கொடுக்கவில்லை. தேவன் ஏன் மனிதனானார் என்ற தன் நூலை 1098இல் முடித்த கான்டர்பரி பேராயர் அன்செல்முகூட தேவனுடைய மகிமைக்குச் செலுத்தவேண்டிய கடனாகத்தான் எழுதினார், நமக்குப் பதிலாகத் தண்டனை என்ற விளக்கம் அழுத்தமாக வந்தது 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரர்களிடம்.

ஈசோப்பு:
அண்ணா, விடுதலை பற்றிச் சொன்னது சரி, ஆனால் தண்டனையை அப்படியே எடுத்துவிட முடியாது. "நமக்குச் சமாதானத்தை உண்டுபண்ணும் ஆக்கினை அவர்மேல் வந்தது" என்பதும் அதே ஏசாயா 53தான்.

பழையபடம்:
வெளிப்படுத்தல் 5ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். யூதா கோத்திரத்துச் சிங்கம் என்று மூப்பர் சொல்ல, யோவான் பார்ப்பதோ அடிக்கப்பட்டவண்ணமாக நிற்கிற ஆட்டுக்குட்டியை. கெண்ட் நகரத்தில் வான் ஐக் சகோதரர்கள் வரைந்து 1432இல் முடிவடைந்த பீடஓவியத்தில் அது அப்படியே இருக்கிறது, மார்பிலிருந்து இரத்தம் கிண்ணத்தில் விழுகிறது, ஆனால் ஆடு நிமிர்ந்து நிற்கிறது. 692இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கம் கிறிஸ்துவை ஆடாக வரையாமல் மனித உருவில் வரையச் சொன்னது. ரோமில் போப் செர்ஜியுஸ் அந்தச் சங்கத்தின் தீர்மானங்களை ஏற்கவில்லை, திருப்பலியில் அப்பம் பிட்கும் நேரத்தில் தேவ ஆட்டுக்குட்டி மன்றாட்டைப் பாடவைத்தவரும் அவர்தான்.

வேதவாசகன்:
எல்லாருக்கும் நன்றி. அப்படியானால் எபிரெயர் 13இல் பாளயத்துக்குப் புறம்பே சுட்டெரிக்கப்பட்ட மிருகங்களோடு, நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்ட இயேசுவை ஒப்பிடுவது லேவியராகமம் 16ஐ வைத்துத்தானே? அங்கே பஸ்கா இல்லை. எபிரெயரை எழுதியவர் வேறு வழியாக வருகிறார் என்று தோன்றுகிறது, அதைப் பற்றி யாராவது எழுதுங்கள்.