அரசர் இறந்ததும் நாடு சிதறுகிறது: வாரிசுரிமையில் உதவி தேவை

இடைக்கால அரச வம்சத்தை நடத்தும் க்ரூசேடர் கிங்ஸ் 3 கணினி விளையாட்டில், 1066ஆம் ஆண்டில் தென் அயர்லாந்துப் பகுதியான மன்ஸ்டரின் ஆட்சியாளர் முர்ச்சாடாகத் தொடங்கி, அயர்லாந்து முழுவதையும் ஒன்றிணைத்துவிட்டேன். இப்போது 1121. மூன்று மகன்களைக் கொண்ட என் அரசருக்கு வயது 58.

பட்டங்களையும் நிலங்களையும் வாரிசுகளுக்குப் பங்கிடும் கான்ஃபெடரேட் பார்ட்டிஷன் சட்டம் நடப்பில் இருப்பதால், சென்ற முறை அரசர் இறந்ததும் டச்சிகள் (பல கவுண்டிகள் சேர்ந்த பெரும்பகுதிகள்) தம்பிமாருக்குப் பிரிந்து, மூத்தவரிடம் இரண்டே கவுண்டிகள் (சிறு நிலப்பகுதிகள்) எஞ்சின; படைபலம் சுருங்கிய சில மாதங்களில், சிற்றரசர்கள் அரச அதிகாரத்தைக் குறைக்கக் கோரும் ஃபாக்ஷனில் (எதிர்ப்பு அணியில்) திரண்டு போர் தொடுத்தார்கள்.

அதன்பின், ஒரு மகனின் வாரிசுரிமையைப் பறித்தேன். அதற்குச் செலவான ரினௌன் (வம்சப் புகழ்ப் புள்ளிகள்) இன்றுவரை ஈடாகவில்லை. வலிமைமிக்க சிற்றரசர்களுக்குப் பொன்னும் மன்றப் பதவிகளும் கொடுத்ததில், கொடுத்தவரின் ஆயுள்வரை மட்டுமே பலன் இருந்தது. அயர்லாந்துப் பட்டத்துக்கு, சிற்றரசர்கள் வாக்களித்து வம்சத்திலிருந்து வாரிசைத் தேர்ந்தெடுக்கும் டானிஸ்ட்ரி தேர்தல் முறையையும் கொண்டுவந்தேன். ஆனால் அது அந்த ஒரு பட்டத்தை மட்டுமே கட்டுப்படுத்துவதால் டச்சிகள் வழக்கம்போலப் பிரியவிருக்கின்றன. போதாக்குறைக்கு, வாக்காளர்கள் என் மகனை விட்டுவிட்டு முதிய சித்தப்பாவை ஆதரிக்கிறார்கள்.

ஹெரால்ட்ரி என்ற கண்டுபிடிப்பு இன்னும் கிடைக்காததால், முதன்மை வாரிசுக்குப் பெரும்பங்கு தரும் ஹை பார்ட்டிஷன் சட்டத்துக்கு மாற வழியில்லை.

இந்நிலையில், மன்ஸ்டர் டச்சியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற டச்சிகளை இப்போதே மகன்களுக்குக் கொடுத்துவிடுவது நல்லதா, அல்லது ஒவ்வொரு டச்சிக்கும் தனித்தனியாக டானிஸ்ட்ரி முறையை விதிப்பது நல்லதா?