புதுப்பிப்பு: அம்மாவின் சர்க்கரை, நான்கு மாதம் கழித்து

அம்மாவுக்கு எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.3 வந்திருக்கிறது, சோற்றை அடியோடு நிறுத்திவிடலாமா என்று மார்ச்சில் கேட்டிருந்தேன். நேற்று மறுபரிசோதனை முடிவு வந்தது: 5.8. எடை 71 கிலோவிலிருந்து 66.5.

சோற்றை நிறுத்தவில்லை. மருத்துவர் அளவையும் வரிசையையும்தான் மாற்றச் சொன்னார். தட்டில் முதலில் கீரையோ அவரைக்காய்ப் பொரியலோ பாதித் தட்டு, அப்புறம் பருப்பு, கடைசியில் ஒரு சின்னக் கிண்ணம் சோறு. அந்தக் கிண்ணம் நான் குழந்தையாக இருந்தபோது பால்சாதம் சாப்பிட்டது. அம்மாவே தேடி எடுத்து வைத்துக்கொண்டார். இரவு ஒன்பதரைக்குச் சாப்பிட்ட தோசை ஏழரைக்கு வந்துவிட்டது. சாயங்கால பிஸ்கட் போய் சுண்டல். சாப்பிட்டதும் மொட்டைமாடியில் கால் மணி நேரம் நடை.

எனக்குப் பெரிய சந்தோஷம் முழங்கால் வலி குறைந்ததுதான். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் ஏறும் சுமை சுமார் நான்கு கிலோ குறையுமாம். போன வாரம் கைப்பிடியைத் தொடாமல் மாடி ஏறினார், நான் பின்னால் நின்று பார்த்தேன்.

இடுப்புச் சுற்றளவு இன்னும் 88 செ.மீ. நம் பெண்களுக்கு 80க்குள் இருக்க வேண்டும். அடுத்த சோதனை நவம்பரில், முடிவை இங்கேயே எழுதுகிறேன்.