அடைமழையில் ஆட்டுக்குத் தாடை வீங்குகிறது

குளுவாங்காரன்: செம்பனைக்கு நடுவே 23 செம்மறிகள் மேய்க்கிறேன். டிசம்பர் மழை பிடித்ததிலிருந்து மூன்றுக்குத் தாடைக்குக் கீழே பை மாதிரி நீர் தொங்குகிறது. கழிச்சல் இல்லை, தீனியும் எடுக்கின்றன. நேற்று ஒரு கிடாய்க்குட்டி செத்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லாவற்றுக்கும் ஐவர்மெக்டின் புழு மருந்து தவறாமல் கொடுக்கிறேனே, பிறகு ஏன்?

மழைக்கொட்டகை: அண்ணே, கீழ் இமையைப் புரட்டிப் பாருங்கள். சிவப்பு போய் வெளுத்திருந்தால் பெரும்பாலும் ஹீமாங்கஸ், இரத்தம் குடிக்கும் வயிற்றுப்புழு. கழிச்சல் இருக்காது, அதுதான் ஏமாற்றும். ஒரு பெண் புழு நாளுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் இது ஆட்டின் வயிற்றுக்குள்ளேயே உறங்கிக் கிடக்கும். நம் வெக்கைக்கும் ஈரத்துக்கும் வருடம் முழுக்கத் திருவிழா. ஒரே மருந்தை எல்லா ஆட்டுக்கும் ஊற்றினால் புழு பழகிவிடும். புழுக்கையைக் கால்நடை இலாகாவில் கொடுத்து முட்டை எண்ணச் சொல்லுங்கள். மருந்தை மாற்றுவதெல்லாம் அப்புறம்.

லயத்து அக்கா: தம்பி, காலையில் எப்போது திறந்து விடுகிறீர்கள்?

குளுவாங்காரன்: ஏழு மணிக்கு. அப்பா பால்மரம் வெட்டப் போன காலத்துப் பழக்கம்.

லயத்து அக்கா: அங்கேதான் கோளாறு. புழுக்குஞ்சு ஈரப் புல்லில் ஏறி உட்கார்ந்திருக்கும். பத்து மணிக்கு மேல், புல் காய்ந்ததும் விடுங்கள். கட்டையாக மேய்ந்த இடத்துக்குத் திரும்ப ஓட்டாதீர்கள். மழை விடாத நாளில் பரண் கொட்டகையிலேயே தழை வெட்டிப் போடுங்கள்.

குளுவாங்காரன்: இமை பார்த்தேன் அக்கா. மூன்று இல்லை, ஒன்பது வெளுப்பு. புழுக்கையோடு நாளைக் காலை கிளம்புகிறேன்.