சுத்திகரித்த கழிவுநீர் ஊற்றும் கன்றுகளில் இலை ஓரம் கருகுகிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. மதுரை ஒத்தக்கடைப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் 250 மரக்கன்றுகளைப் பையில் வளர்க்கிறேன்: வேம்பு, புங்கன், நாவல், கொஞ்சம் மகிழம். ஐப்பசி மழைக்குள் கண்மாய்க்கரையில் நட வேண்டும். போர்வெல் சித்திரையிலேயே கைவிட்டுவிட்டது. அதனால் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் சுத்திகரித்து வெளியே விடும் கழிவுநீரை டிரம்மில் பிடித்து ஊற்றுகிறேன்.

முதல் மாதம் கன்றுகள் தளதளவென்று வந்தன. தண்ணீரிலேயே தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கிறது, உரச்செலவு மிச்சம் என்று எல்லோரிடமும் பெருமையடித்தேன். இப்போது நாவலிலும் மகிழத்திலும் முதிர்ந்த இலைகளின் ஓரம் கருகுகிறது. பை மண்மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. புங்கனும் வேம்பும் அசரவில்லை. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 1,600 காட்டுகிறது. உப்புதான் காரணம் என்று படுகிறது. மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் இழுக்க முடியவில்லை.

நிழல்வலை கட்டிவிட்டேன். மேலே சருகு மூடாக்கு. (தென்னை நார்க்கழிவு வேண்டாமென்று விட்டேன், கழுவாவிட்டால் அதிலேயே உப்பு இருக்கும்.) தினமும் கொஞ்சம் தெளிப்பதை நிறுத்தி, பை அடியில் வடியும்வரை ஊற்றுகிறேன்.

லாரித் தண்ணீர் பாதிக்குப் பாதி கலந்தால் போதுமா, அல்லது வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் மட்டும் அலசிவிடுவது மேலா? ஜிப்சம் போட்டால் சோடியம் விலகும், சரி, சின்னப் பைக்கு எத்தனை கிராம்? வேர்ப்பூசணம் (வேரோடு சேர்ந்து வாழ்ந்து சத்தை இழுத்துக் கொடுக்கும் நல்ல பூஞ்சை) இட்டுப் பலன் பார்த்தவர்கள் உண்டா? பஞ்சகவ்யத்தை லிட்டருக்கு 30 மில்லி தெளிக்கலாம் என்கிறார் அண்ணன் ஒருவர். வாடிய கன்றுக்குத் தாங்குமா?

கன்றுகளின் படத்தைக் கமெண்டில் போடுகிறேன்.