தெருப்பூனைக்கு பிரசவம், குட்டி பாதில மாட்டி நிக்குது, அவசரம்

மொட்டைமாடி (இரவு 11.20)
எங்க ஃபிளாட் படிக்கட்டு கீழ ஒரு தெருப்பூனை, 9 மணிக்கு கோணிப்பை மேல ஒரு குட்டி போட்டுச்சு, அத நக்கிவிட்டு பால் குடுத்துட்டு நிம்மதியாத்தான் இருந்துச்சு, சரினு சாப்பிட போய்ட்டேன். திரும்பி வந்து பாத்தா அடுத்ததோட வாலும் ரெண்டு பின்னங்காலும் வெளிய தொங்குது, அதுக்கு மேல வரல. தாய் வாயத் தொறந்து மூச்சு வாங்குது. குட்டி கால தொட்டா லேசா உதைக்குது. இழுக்கலாமா? பெரம்பூர்ல இருக்கேன், பக்கத்து கிளினிக் போன் எடுக்கல.

கறிவேப்பில
பயப்படாதீங்க, எங்க ஆயா வெளக்கெண்ணெ தடவி இழுத்துருவாங்க. பூனைக்கு வெதுவெதுனு பால் வைங்க.

நைட்ஷிஃப்ட்
ஆயா பசுவுக்கு பண்ணிருப்பாங்க, வெடுக்குனு இழுத்துடாதீங்க ப்ளீஸ். பின்னங்கால் முதல்ல வர்றது பூனைக்கு சகஜம்தான், ஆனா பாதில நின்னுட்டா தொப்புள்கொடி நசுங்கிடும், தலை வேற உள்ள இருக்கு, அதனால காத்துட்டு இருக்காதீங்க. கைய சோப்பு போட்டு கழுவி கிளவுஸ் போட்டுக்கங்க, சுத்தமான துணியால ரெண்டு காலையும் இடுப்போட சேத்து பிடிங்க, வாலயோ ஒத்த காலயோ மட்டும் பிடிச்சா பிஞ்சுரும். அது முக்கும்போது மட்டும் இழுங்க, நேரா பின்னாடி இல்ல, கீழ தாயோட பாதத்த பாத்து வளைச்சாப்ல. முக்கறத நிறுத்துனா நீங்களும் நிறுத்துங்க. நாலஞ்சு முக்கல்ல வரலைனா கெளம்பிடுங்க, வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரில ராத்திரியும் எமர்ஜென்சி பாப்பாங்க. வந்துருச்சுனா மூஞ்சி மேல இருக்க சவ்வ கிழிச்சு மூக்கு வாய தொடச்சு டவலால முதுக நல்லா தேய்ங்க.

சாம்பல்வால்
யாராவது ஆக்ஸிடோசின் ஊசி (கர்ப்பப்பைய சுருங்க வைக்கறது) போடுனு சொன்னா கேக்காதீங்க. குட்டி அடைச்சிருக்கும்போது போட்டா கர்ப்பப்பையே கிழிஞ்சுரலாம். வலிக்கு பாராசிட்டமாலும் கூடாது, பூனைக்கு அது விஷம்.

மொட்டைமாடி (11.50)
வந்துருச்சு!! நனைஞ்ச துணி மாதிரி தொளதொளனு கெடந்துச்சு, செத்துருச்சுனே நெனச்சேன், தேய்ச்சுட்டே இருந்தேன், திடீர்னு தும்முற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் கீச்சுனு கத்துச்சு, எனக்கு கை நடுக்கம் இன்னும் நிக்கல. ஆனா தாய் மறுபடி முக்குது, ஒண்ணும் வெளிய தெரியல.

நைட்ஷிஃப்ட்
படுத்து நிம்மதியா பால் குடுத்தா அடுத்த குட்டிக்கு மணிக்கணக்கா கூட காத்திருக்கலாம், ஆனா அரைமணி நேரம் பலமா முக்கியும் வரலைனா வெயிட் பண்ணக் கூடாது. துணிக்கூடை ரெண்டு இருக்கா? ஒண்ணு மேல ஒண்ணு கவுத்து கயிறு கட்டுங்க, அதான் கேரியர். குட்டிங்களையும் எடுத்துட்டு போங்க, வாட்டர் பாட்டில்ல சுடுதண்ணி ஊத்தி துணி சுத்தி பக்கத்துல வைங்க, குளிர்தான் குட்டிய கொல்லும்.

மொட்டைமாடி (காலை 4.10)
எக்ஸ்ரேல இன்னொன்னு குறுக்க கெடந்துச்சு, ஆபரேஷன் பண்ணாங்க. அந்த குட்டி பொழைக்கல. கர்ப்பப்பையயும் எடுத்துட்டாங்க, பால் குடுக்க தடை இல்லையாம். இப்ப என் பாத்ரூம்ல ரெண்டும் மடில முட்டிட்டு கெடக்குதுங்க. தையல் ஆறுற வரைக்கும் வெளிய விடக் கூடாதாம், ஹவுஸ் ஓனருக்கு பூனைனாலே ஆகாது, காலைல என்ன சொல்லி சமாளிக்கறதுனு யாராச்சும் ஐடியா குடுங்க.