கரவனைக் கொளுவியதும் காரின் பின்பக்கம் தாழ்கிறது: கொளுக்கியில் எவ்வளவு எடை விடலாம்?

வெள்ளவத்தைவாசி:
அடுத்த மாதம் கித்துல்கல, ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்குச் சிறிய கரவன் (காரின் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டி) ஒன்றை இழுத்துப் போகிறோம். சாமான்களோடு 900 கிலோ. கார் 1,200 கிலோ இழுக்கும் என்று கையேடு சொல்கிறது. ஆனால் கொளுவியதும் பின்பக்கம் நன்றாகத் தாழ்கிறது. டோ பார் (கரவனைக் கொளுவக் காரின் பின்னால் பூட்டும் இரும்புச் சட்டம்) தகட்டில் எஸ் 50 கிலோ, கரவன் கொளுக்கியில் எஸ் 100 கிலோ. எதைப் பார்ப்பது? கரவனின் பின்கோடியில் தண்ணீர்க் கான் வைத்துச் சமப்படுத்தலாமா?

தெகிவளை கராஜ்:
தம்பி, எஸ் என்பது டோ பார் பந்தின் மேல் கீழ்நோக்கி அழுத்தும் எடை. கார், டோ பார், கரவன் மூன்றிலும் எது குறைவோ அதுதான் எல்லை. கார்க் கையேடு இன்னும் குறைத்துச் சொல்லாவிட்டால் உங்களுக்கு 50.

முதலில் அளந்து பாருங்கள். சமதரையில் கரவனுக்குக் கட்டை கொடுத்து, குளியலறைத் தராசின் மேல் ஒரு மரக்கட்டையை நிமிர்த்திக் கொளுக்கியைத் தாங்கவிடுங்கள். காரில் மாட்டும்போது இருக்கும் அதே உயரம் வேண்டும். கரவனின் முன்னால் உள்ள சின்னத் தாங்குசக்கரத்தைத் தராசில் ஏற்றினால் கணக்குக் கூடிவிடும்.

பின்கோடியில் கான் வேண்டவே வேண்டாம்! தராசில் எண் குறையும், சரி. ஆனால் பாரம் இரண்டு கோடியிலும் இருந்தால் கரவன் ஆடத் தொடங்கியபின் அடக்குவது கடினம். பாரமானவை அச்சுக்கு மேலே, தரையோடு இருக்கட்டும்.

வெள்ளவத்தைவாசி:
அளந்தேன் அண்ணா, 72 கிலோ. முன்பெட்டியில் இருந்த கருவிப் பெட்டியையும் தண்ணீரையும் அச்சுக்கு மேலே மாற்றியதும் 48. இன்னும் குறைக்கவா?

மலைப்பாதை:
குறைக்காதீர்கள். பிரித்தானியக் கணக்கில் கொளுக்கியில் விழும் எடை கரவன் எடையின் 5 முதல் 7 சதவீதம், அதாவது உங்களுக்கு 45 முதல் 63. டோ பார் எல்லை 50 என்பதால் 48 சரி. அமெரிக்கர் 10 முதல் 15 என்பார்கள். அது அவர்களுடைய கொளுக்கிகளுக்கு. கூடினால் காரின் முன்சக்கரப் பிடி குறைந்து ஸ்டியரிங் இலேசாகும். குறைந்தால் கரவன் வாலாட்டும். அந்த 48 கிலோவும் காரில் ஏற்றும் சுமையில் சேரும், ஆட்களையும் பைகளையும் கூட்டிப் பாருங்கள்.

கரவனுக்குச் சொந்த பிரேக் இருக்கிறதா? ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேல் அது கட்டாயம். கினிகத்தேனைப் பக்கம் இறங்கும்போது தாழ்ந்த கியரிலேயே வாருங்கள். கரவன் ஆடினால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலரேட்டரை விடுங்கள், பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள்.

வெள்ளவத்தைவாசி:
பிரேக் இருக்கிறது. கராஜில் காட்டிவிட்டே புறப்படுவோம். இருவருக்கும் மிக்க நன்றி.